குழாய் இறங்காத கூடுகள்

அன்புள்ள ஐயா,

எங்கள் தோட்டத்துக் கிணற்றோரம் ஒரு கருவேல மரம் நிற்கிறது. இந்த வருஷம் அதில் பதினோரு தூக்கணாங்குருவிக் கூடுகள். ஆறு பாதியிலேயே நின்றுவிட்டன. குருவிகளுக்கு நோயா, பூச்சிமருந்தா? மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு பாதிக் கூட்டை எடுத்துவந்து ஹாலில் மாட்டியிருக்கிறோம். கூட்டுக்குள் மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கும் என்பது உண்மையா? கடையில் விற்கும் தேங்காய்நார்க் கூடுகளைக் கட்டினால் இன்னும் வருமா? கிளை மோட்டார் ஒயரில் உரசுகிறது, தை பிறந்ததும் மரத்தை வெட்டிவிடலாம் என்கிறார் மாமனார்.

மீ., ஒட்டன்சத்திரம்

அன்புள்ள மீ.,

மின்மினி வெறும் கதை. ஆண் குருவி ஈரமண்ணைக் கொண்டுவந்து கூட்டின் உட்புறம் அப்புவது மட்டும் நிஜம். தேங்காய்நார்க் கூட்டை வாங்காதீர்கள், தான் நெய்த கூட்டைத்தான் தூக்கணாங்குருவி நம்பும்.

அந்த ஆறு கூடுகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் இரண்டு நாளாக அதே நினைப்பு.

நோயும் இல்லை, ஒன்றும் இல்லை. நெய்வது ஆண். நெல் தாளின் அடியில் அலகால் ஒரு வெட்டு வைத்து, அந்த முனையைக் கவ்விக்கொண்டு விருட்டென்று மேலே பறக்கும். தாள் நீளவாக்கில் நாராகக் கிழிந்து கூடவே போகும். அந்த நாரைக் கிளையில் முடிந்து, வளையம் கட்டி, வளையத்தைத் தொப்பி மாதிரி வளர்த்து, அங்கே நிறுத்திக்கொள்ளும். பிறகு பெண்களுக்காகக் காத்திருக்கும். பெண் வந்ததும் மஞ்சள் தலையைச் சிலுப்பி, சிறகடித்து, கத்தித் தீர்க்கும். பெண் உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கும், நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் முட்டை அறையை ஆண் மூடி, கீழே நீளக் குழாயை இறக்கும். பிடிக்காவிட்டால் கூடு தொப்பியாகவே நின்றுவிடும். பெண் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்ததும் ஆண் அடுத்த கூட்டுக்கு வளையம் போடப் போய்விடும். மும்பைக்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் உட்கார்ந்து பறவையியலாளர் சாலிம் அலி இந்தக் குடும்ப வழக்கத்தைப் பார்த்து எழுதி, 1931இல் வெளியிட்டார். அதுவரை பாதிக் கூடுகளைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சரி, பெண் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது? நெசவின் அழகைத்தானே என்று நாம் நினைப்போம். சுஹேல் குவாடர் என்ற ஆய்வாளர் கூடு கூடாக அளந்து பார்த்து 2006இல் எழுதினார்: கூட்டின் வேலைப்பாட்டைவிட அது தொங்கும் இடம்தான் பெண்ணுக்குப் பெரிது. உயரமான இடம், மெல்லிய கிளை. பாம்பு ஊர்ந்து வந்தால் தாங்காத கிளை என்று நானாகச் சேர்த்துக்கொள்கிறேன். எவ்வளவு கெட்டிக்கார ஆணாக இருந்தாலும் நல்ல கிளை கிடைக்காவிட்டால் அவன் நெசவு வீண். நாம் காலம் காலமாக அந்த நெசவை மட்டும் மெச்சிக்கொண்டு, கிளையை வெட்டிக்கொண்டிருக்கிறோம். குழந்தைக்கு நெசவைக் காட்டுகிறோம், மரத்தைக் காட்டுவதில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது.

எங்கள் கிணற்று மேட்டில் இரண்டு பனை இருந்தன. மழை பிடித்தால் மட்டை நுனியெல்லாம் கூடுகள். அப்பா மத்தியானச் சோற்றை அங்கேதான் சாப்பிடுவார். குழாய் இறங்கிய கூடுகளை எண்ணி, "இன்னைக்கு ஒரு வீடு குடி வந்திருக்கு" என்பார். அவர் போன பிறகு, கடன் நெருக்கியபோது, அண்ணனும் நானும் சேர்ந்து இரண்டையும் செங்கல் சூளைக்கு விற்றோம். கையெழுத்துப் போட்டவன் நான். மறு வருஷம் ஆண்கள் வந்தன. பனையைத் தேடி இரண்டு நாள் சுற்றின. அப்புறம் கிணற்றுக்குப் போகும் கரண்ட் கம்பியில் நெய்தன. ஏழு தொப்பிகள். தினமும் போய்ப் பார்த்தேன். கம்பி காற்றில் ஆட ஆட, கீழே நெல் கதிர் விட்டு முற்றும்வரை, ஒன்றில்கூடக் குழாய் இறங்கவில்லை. அதற்கடுத்த வருஷம் அவை வரவே இல்லை.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்கள் கருவேலத்துக்கு அப்படி யாரும் இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

ஹாலில் மாட்டிய கூட்டைப் பற்றி எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. எடுக்கும்போது அது காலியானது என்று யார் சொன்னார்கள்? நாலு நாள் கழித்து ஒரு பெண் வந்து பார்த்திருக்கலாம். முழுதாகக் கட்டிய பழைய கூட்டையும் தொடாதீர்கள். குஞ்சுகள் பறந்த பிறகு தினைக்குருவிகள் அதில் முட்டையிடும். குழந்தையின் ஆசை என்கிறீர்கள். குழந்தையைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப்போக நேரமில்லாததால் கூட்டை ஹாலுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

மாமனாரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒயரை மரத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு கம்பம் நட்டுக் கொண்டுபோகலாம். பாப்பாவுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். எந்தக் கிளையில் எத்தனை கூடு, எதில் என்றைக்குக் குழாய் இறங்கியது என்று அவள் எழுதட்டும். மழை முடிந்ததும் அதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.