போர்பன் தெருவும் ஒரு பிளாஸ்டிக் வாளியும்

அன்புள்ள சார்,

போன மாதம் ஒரு லாங் வீக்கெண்டில் ஹூஸ்டனிலிருந்து காரில் நியூ ஆர்லியன்ஸ் போய்வந்தோம். ஜாஸ் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துத்தான் அந்த ஊர்மேல் ஆசை வந்தது. போர்பன் தெருவில் கால் வைத்ததுமே போதும் போதும் என்றாகிவிட்டது. தரையெல்லாம் பியர் நாற்றம். பச்சை நிற நீளக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளாடும் கூட்டம். எந்த வாசலில் நின்றாலும் எண்பதுகளின் ராக் பாட்டு. ஜாஸ் ஓரிடத்திலும் காதில் விழவில்லை. பத்தே நிமிடத்தில் அறைக்குப் போய்விடலாம் என்று என் மனைவி சொல்லிவிட்டார். கச்சேரி என்றால் சபா, அமைதி, மரியாதை என்று வளர்ந்தவன் நான். இப்படியொரு சாராயக் கடைத் தெருவிலா ஒரு பெரிய கலை பிறந்தது? இல்லை, அது எப்போதோ செத்துப்போய், பெயரை வைத்துப் பிழைக்கிறார்களா?

ஆர்., ஹூஸ்டன்

*

அன்புள்ள ஆர்.,

அவசரப்பட்டுத் திரும்பிவிட்டீர்கள். போர்பன் தெருவில் செயின்ட் பீட்டர் தெரு முனையைத் தாண்டியிருப்பீர்கள். அங்கே திரும்பி அரைத் தெரு நடந்தால் பிரிசர்வேஷன் ஹால் என்ற ஜாஸ் அரங்கு. 1961இலிருந்து இருக்கிறது. காரை பெயர்ந்த சுவர், சில பெஞ்சுகள், முன்னால் உட்காருகிறவர்களுக்குத் தரையில் மெத்தை. முக்கால் மணி நேரம் வாசித்துவிட்டு அடுத்த கூட்டத்தை உள்ளே விடுவார்கள். நெடுங்காலம் மது விற்றதே இல்லை. சபாக்காரரான உங்களுக்கு அது பிடித்திருக்கும்.

ஆனால் நான் உங்களை அனுப்ப நினைப்பது வேறு இடத்துக்கு. அதே போர்பன் தெருவில் கூட்டம் குறையும் திசையில் நடந்துகொண்டே போனால் எஸ்பிளனேட் அவென்யூ வரும். அதைக் கடந்தால் மாரினி என்ற பேட்டை, பிரெஞ்ச்மென் தெரு அங்கேதான். மொத்தம் கால் மணி நேர நடை. ஸ்பாட்டட் கேட், டி.பி.ஏ., ப்ளூ நைல், ஸ்னக் ஹார்பர் என்று வரிசையாக பார்கள். இதில் ஸ்னக் ஹார்பர் மட்டும் கொஞ்சம் உங்கள் ஜாதி: டிக்கெட் வாங்கி, வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பியானோக்காரர் எல்லிஸ் மார்சலிஸ் நெடுங்காலம் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே வாசித்தார். 2020 ஏப்ரலில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது.

சாராயக் கடையில் பிறந்த கலையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் உண்மை. போர்பன் என்ற பெயரே விஸ்கியிலிருந்து வந்ததில்லை, பிரான்ஸின் அரச வம்சத்துப் பெயர் அது. ஜாஸ் பிறந்த இடம் என்று பலரும் சொல்லும் ஸ்டோரிவில், போர்பன் தெரு இருக்கும் பழைய பகுதியான பிரெஞ்ச் குவார்ட்டருக்குப் பின்பக்கம் இருந்தது. விபசாரத்தை ஒரே பகுதிக்குள் அடக்கிவைக்க 1897இல் நகராட்சி எல்லை போட்டுக் கொடுத்த இடம். முதல் உலகப் போர் வந்ததும் கடற்படையின் நெருக்குதலில் 1917இல் மூடினார்கள். அந்த வீடுகளின் வரவேற்பறைகளில் ஜெல்லி ரோல் மார்ட்டன் பியானோ வாசித்தார். பின்னாளில் டிரம்பெட்டில் உலகப் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங், சிறுவனாக நிலக்கரி வண்டியோடு அந்தத் தெருக்களில் போனதுண்டு. ஆனால் அதே காலத்தில் அதே இசைக்காரர்கள் பூங்காக்களிலும் நடன அரங்குகளிலும் ஊர்வலங்களிலும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சாவு வீட்டுக்கும் போனார்கள். இடுகாடு வரை மெதுவாக, துக்கமாக வாசித்துப் போய், திரும்பும்போது ஆடவைக்கிற வேகத்தில் வாசித்து வருவார்கள். இந்தப் பிற்பாதியை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, வாளிக்கு வருகிறேன்.

நான் போனது ஒரு புதன்கிழமை. ஸ்பாட்டட் கேட் சின்ன இடம். மேடை என்று சொல்ல முடியாது, வாசலை ஒட்டி ஒரு மூலை, அவ்வளவுதான். ஆறு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் வாஷ்போர்டு வாசித்தார். துணி துவைக்கிற அதே தகரப் பலகைதான். கழுத்தில் தொங்கவிட்டு, விரல்களில் தையல்காரர் மாட்டும் உலோகக் குமிழ்களை மாட்டிக்கொண்டு, பிராண்டிப் பிராண்டித் தாளம் போட்டார். நாலாவது பாட்டு முடிந்ததும் டிராம்போன்காரர் எழுந்தார். குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிற பித்தளை வாத்தியம் அது. இடது கையில் டிராம்போன், வலது கையில் பெயின்ட் டப்பா அளவு ஒரு பிளாஸ்டிக் வாளி. மற்றவர்கள் நிறுத்தவில்லை. அவர் மட்டும் கூட்டத்துக்குள் நுழைந்து ஒவ்வொருவர் முகத்துக்கு முன்பும் வாளியை நீட்டினார். சிரித்துக்கொண்டேதான். ஆனால் நகரவில்லை. நோட்டு விழும்வரை நின்றார். கோயில் தட்டுக்குப் பழகிய எனக்கே கூச்சமாக இருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நான் போனபோது அந்தத் தெருவில் பல பார்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு செட்டுக்கு, அதாவது ஒரு சுற்று வாசிப்புக்கு, ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும் என்று மட்டும் சில இடங்களில் எழுதிப் போட்டிருந்தார்கள். குழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பார் கல்லாவில் ஒரு பங்கும் அந்த வாளியும்தான். வாளியில் விழுந்ததை ஆறாகப் பிரிக்க வேண்டும். அன்றைக்கு மழை பெய்து கூட்டம் குறைந்தால் ஆறு பேருக்கும் மழை.

இடைவேளையில் வெளியே நின்ற டிரம்ஸ்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். மத்தியானம் எங்கே வாசிப்பீர்கள் என்று கேட்டதற்கு, போர்பன் தெருவில் என்றார். நீங்கள் வாசலில் நின்று முகம் சுளித்தீர்களே, அந்த மாதிரி ராக் பாட்டுகள். சுற்றுலா வருகிறவர்கள் தெரிந்த பாட்டுக்குத்தான் காசு போடுவார்கள், வாடகை அதில் வருகிறது, ராத்திரி இங்கே என் இஷ்டத்துக்கு வாசிக்கிறேன் என்றார். அன்றிலிருந்து போர்பன் தெருவைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. ஏன், நீங்கள் மதிக்கக்கூடிய பிரிசர்வேஷன் ஹாலிலேயே முன்பு ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. பழைய பாட்டு கேட்டால் 2 டாலர், மற்றவை 5 டாலர், எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன ‘செயின்ட்ஸ்’ பாட்டு மட்டும் 10 டாலர். சலிப்புக்கு ஒரு விலை வைத்தார்கள்.

வாடகை என்று சொன்னது சும்மா இல்லை. 2005இல் கத்ரீனா புயலில் ஊரில் ஐந்தில் நாலு பங்கு மூழ்கியது. ஆற்றங்கரையை ஒட்டிய மேட்டில் இருப்பதால் போர்பன் தெருவும் பிரெஞ்ச்மென் தெருவும் பெரும்பாலும் தப்பின. வாசிப்பவர்களில் பலருடைய வீடுகள் இருந்த பள்ளப் பகுதிகள் தப்பவில்லை. பிறகு அவர்களுக்கென்றே மியூசிஷியன்ஸ் வில்லேஜ் என்று ஒரு குடியிருப்பு கட்ட வேண்டி வந்தது. இசையைக் காட்டித்தான் அந்த நகரம் ஆட்களை வரவழைக்கிறது. ஆனால் 2010இல் போர்பன் தெரு முனையில் வாசித்துக்கொண்டிருந்த பித்தளை வாத்தியக் குழு ஒன்றிடம் போலீஸ் போய், இரவு எட்டு மணிக்கு மேல் தெருவில் வாசிக்கக்கூடாது என்ற பழைய சட்டத்தை நீட்டியது. நல்லதும் நடந்திருக்கிறது: 2015இல் பார்களில் புகைபிடிக்கத் தடை வந்தது. ராத்திரி முழுக்க அடுத்தவர் புகையை இழுத்துக்கொண்டு டிரம்பெட் ஊதியவர்களைக் கேட்டால்தான் அதன் அருமை தெரியும்.

அப்புறம் சபா. டிசம்பரில் ராகம் பாடும்போது எழுந்து காண்டீனுக்குப் போகிற நாம், ஊத்தப்பத்தின் தரத்தை வைத்துச் சபாவுக்கு மார்க் போடுகிற நாம், பார் கூட்டத்தைப் பற்றி ரொம்பப் பேச வேண்டாம் என்பது என் கட்சி.

அடுத்த முறை செவ்வாய்க்கிழமை அங்கே இருந்தால் ஓக் தெருவின் மேப்பிள் லீஃப் பாரையும் பாருங்கள். ரீபர்த் பிராஸ் பேண்ட் என்ற பித்தளை வாத்தியக் குழு வருடக்கணக்காகச் செவ்வாய் இரவுகளில் வாசித்துப் பெயரெடுத்த இடம் அது. மனைவியிடம் சொல்லுங்கள், குடிக்க வேண்டியதில்லை, எலுமிச்சை பிழிந்த சோடா வாங்கினாலும் ஒரு பானக் கணக்குதான். கிளம்பும் முன் ஐந்து டாலர் நோட்டுகளாக மாற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இருபது டாலர் நோட்டைப் போட்டுவிட்டு வாளிக்குள் கைவிட்டுப் பாக்கி எடுக்கப் போனேன். டிராம்போன்காரர் வாளியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு எனக்காக ஒரு நீள ஸ்வரம் ஊதினார். பார் முழுக்கச் சிரித்தது.