புது ஏர் ரைஃபிளில் குண்டு சிதறுகிறது, வாரண்டி கிடைக்குமா?

கேள்வி: மகளுக்கு வாங்கிய 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நாலே மாதத்தில் குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறுகின்றன. ராத்திரி 180 பார் (காற்றழுத்த அளவு) காட்டும் அதன் காற்று சிலிண்டர் காலையில் 140க்கு வந்துவிடுகிறது. கடைக்காரரோ, "பொண்ணு சுடுறதுலதான் கோளாறு" என்கிறார்.
- வாசகர், காட்பாடி

பதில்: காற்று இறங்குவதற்கும் சுடுபவருக்கும் சம்பந்தமே இல்லை. வேலூர் வெயிலில் நிரப்பிய சிலிண்டர் ராத்திரி குளிரில் பத்து பார் வரை குறையலாம். நாற்பது என்றால் கசிவுதான். சிலிண்டரைக் கழற்றித் தனியே ஒரு ராத்திரி வையுங்கள். அப்போதும் இறங்கினால் அதன் வால்வில் கோளாறு. இறங்கவில்லையென்றால் ரைஃபிளுக்குள் ஏதோ ஓ-ரிங் (காற்றைக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கிறது. எண்ணெய் மட்டும் விடாதீர்கள். உயர் அழுத்தக் காற்றில் அது தீப்பிடிக்கும்.

சிதறலுக்கு, முதலில் சைட் (குறி பார்க்கும் கருவி) திருகுகள் ஆடுகின்றனவா பாருங்கள். பிறகு ரைஃபிளை மணல் மூட்டை மேல் வைத்து, ஒரே டப்பா பெல்லட்டில் (ஏர் ரைஃபிள் குண்டு), அட்டைக்கு ஐந்தாகச் சுடச் சொல்லுங்கள். பெல்லட்டின் தலை விட்டம் 4.49 மி.மீ., 4.50 மி.மீ. என இரண்டு அளவு டப்பாக்களிலும் இப்படிச் சுட்டுச் சிதறினால் ரைஃபிள்மேல்தான் சந்தேகம். அந்த அட்டைகள், பிரஷர் மீட்டர் படம், சீரியல் எண், பில் நகல் எல்லாவற்றையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. நீங்களே பிரித்துப் பார்த்தால் வாரண்டியை மறுக்க அதுவே சாக்காகிவிடும். ரைஃபிளை அனுப்பும்போது சிலிண்டரைக் காலி செய்யுங்கள். காற்றோடு இருந்தால் கூரியரில் எடுக்க மாட்டார்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு.