ஆய்வகத்திலிருந்து நோயாளி வரை – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாகக் கூடலூர்ப் பகுதியில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். பணியர், குறும்பர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வரும் குழந்தைகளுக்கு, சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை இரத்த நோயான அரிவாள் செல் சோகை இருக்கிறதா என்று பார்ப்பதே என் வேலையின் பெரும்பகுதி. ‘இருக்கிறது’ என்று எழுதிக் கொடுப்பதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற உறுத்தலில்தான் தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதினேன்; ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டது. இப்போது இரண்டு இடங்களில் பிஎச்.டி.க்கு அழைத்திருக்கிறார்கள். ஒன்று பெருநகரத்தில் உள்ள புகழ்பெற்ற ஆய்வகம். அங்கே தலைப்பு புற்றுநோய் பற்றியது. மற்றது அதிகம் பேர் அறியாத சிறிய ஆய்வகம். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் மரபணுக்களைப் பற்றி வேலை செய்கிறார்கள். மருத்துவம் படிக்காத நான் இதில் நுழைவது சரியா? முப்பது வயதுவரை படிப்பா என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்த ஆண்டுகள் நோயாளிகளுக்கு உண்மையிலேயே பயன்படுமா?

எம்., கூடலூர்

அன்புள்ள எம்.,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீங்கள் நாள்தோறும் பார்க்கும் நோயின் வரலாற்றிலேயே அது இருக்கிறது.

1949இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வுக் கல்வி நிறுவனத்தில் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு வெளியிட்ட கட்டுரைதான் அரிவாள் செல் சோகையை ‘மூலக்கூறு நோய்’ என்று அழைத்தது. இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்கிறது என்பதையும், நோய்க்கூறைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களிடம் இரு வகை ஹீமோகுளோபினும் கலந்திருக்கின்றன என்பதையும் அது காட்டியது. அந்த ஆய்வில் முதன்மைப் பங்கு வகித்த ஹார்வி இட்டானோ அப்போது அங்கே முனைவர் பட்ட மாணவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். 1952இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் உங்கள் நீலகிரிப் பழங்குடியினரிடமே இந்த நோய்க்கூறைக் கண்டு எழுதினார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்ரம், ஹீமோகுளோபினில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பதே அனைத்துக்கும் மூலம் என்று நிறுவினார். பாலிங்கும் சரி, இங்ரமும் சரி, மருத்துவர்கள் அல்லர். மருத்துவம் படிக்காதவர் இத்துறையில் நுழையலாமா என்ற உங்கள் தயக்கத்துக்கு இதைவிடத் தெளிவான விடையை என்னால் தர முடியாது.

2008இல் ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஆர்க்கினின் ஆய்வகத்தில் மாணவராக இருந்த விஜய் சங்கரனும் மற்றவர்களும், கருவிலிருக்கும் குழந்தைக்கு உரிய ஹீமோகுளோபினைப் பிறந்த பிறகு அடக்கி வைப்பது பி.சி.எல்.11ஏ என்னும் புரதம் என்று காட்டினார்கள். அந்த அடக்குதலைத் தளர்த்தினால், கோளாறான ஹீமோகுளோபினுக்கு ஈடாகக் கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் உருவாகும். நோயாளியின் இரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களை வெளியே எடுத்து, இரத்தச் சிவப்பணுக்களில் அந்தப் புரதம் குறையும்படி, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் மாற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் காஸ்ஜெவி சிகிச்சைக்கு 2023இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் அப்போது அதன் விலை 22 லட்சம் டாலர். உங்கள் மேசைக்கு வரும் பணியர் குழந்தைக்கு அது எட்டாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே பயன் உண்டு. ஆனால் அது நீங்கள் எதிர்பார்க்கும் வேகத்தில் வராது. 1949க்கும் 2023க்கும் இடையே 74 ஆண்டுகள். அதற்குள் எழுதப்பட்ட ஆய்வேடுகளில் பெரும்பாலானவை எந்த நோயாளியையும் நேரடியாகச் சென்றடையவில்லை. ஒரு வழி அடைபட்டிருக்கிறது என்று அடுத்தவருக்குச் சொன்னவையே அவற்றில் மிகுதி. உங்கள் ஆய்வேடும் அப்படி ஒன்றாக அமையலாம். அதை இப்போதே மனதார ஏற்றுக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள், ஏனெனில் குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்ற தவிப்பு உங்களை ஆய்வகத்தின் வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் மூன்றாம் ஆண்டின் நடுவில், செய்வதெல்லாம் பொய்த்துப் போகும் மாதங்களில், கேள்வியின் மீதுள்ள பிடிப்பு மட்டுமே உங்களை அங்கே உட்கார வைக்கும்.

நான் மாணவனாக இருந்தபோது, இன்னொரு ஆய்வகம் கொடுத்த உயிரணுக்களை வைத்து 14 மாதங்கள் வேலை செய்தேன். ஒருநாள் அவற்றின் டிஎன்ஏ அடையாளத்தைச் சோதித்தபோது, குப்பியின் மேல் எழுதியிருந்த உயிரணுக்களே அவை அல்ல என்று தெரிந்தது. அத்தனை படங்களும் வரைபடங்களும் பயனற்றுப் போயின. அன்றிரவு விடுதிக்குத் திரும்பாமல் ஆய்வகப் படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. என்னைத் திரும்ப அழைத்துச் சென்றது என் ஆய்வை வழிநடத்திய நெறியாளர். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. மறுநாள் காலையில் என்னோடு உட்கார்ந்து, கேள்வியில் எந்தப் பகுதி இன்னும் மிச்சமிருக்கிறது என்று தாளில் எழுதிப் பார்த்தார். அதனால்தான், ஆய்வகத்தின் புகழை முதலில் பார்க்காதீர்கள், நெறியாளர் எப்படிப்பட்டவர் என்று பாருங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டாரின் கவலையை நீங்கள் ஒதுக்கிவிட வேண்டாம்; அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மதிப்பீட்டில் தேறினால் 42,000 ரூபாய். அது சில மாதங்கள் தாமதமாக வருவதும் உண்டு என்பதால் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் தர இடமுண்டு, 240 நாள்வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. உயிரணுக்களை வளர்த்துச் செய்யும் ஆய்வை மூன்று ஆண்டுகளில் முடிப்பவர்கள் மிகச் சிலரே. ஐந்து அல்லது ஆறு என்றே வீட்டில் சொல்லுங்கள். 37 டிகிரி வெப்பத்தில் வளரும் உயிரணுக்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அவை வளரும் ஊட்டத் திரவத்தை மாற்றியே ஆக வேண்டும். பொங்கலானாலும் அந்த வேலை நிற்காது.

இரண்டு அழைப்புகளில் என் மனம் சிறிய ஆய்வகத்தின் பக்கமே சாய்கிறது. நீங்கள் ஏற்கெனவே ஒரு கேள்வியோடு போகிறீர்கள். அந்தக் கேள்விக்கு இடம் இருப்பது அங்கேதான். ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன் நேரில் ஒருமுறை போய் வாருங்கள். நெறியாளர் உடனில்லாத நேரத்தில் அங்குள்ள மூத்த மாணவர்களிடம் பேசுங்கள். இதுவரை எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை ஆண்டுகள் ஆயின, பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள், சோதனை தவறிப்போன நாளில் நெறியாளர் என்ன சொல்வார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லத் தயங்கினால், பெருநகரத்து ஆய்வகத்துக்கும் போய் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.