மாலத்தீவுப் பயணம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கணவர், ஏழு வயது மகன், மாமியார் ஆகியோருடன் கோடை விடுமுறையில் நான்கு இரவுகள் மாலத்தீவில் தங்க எண்ணுகிறேன். ஒரு ரிசார்ட்டின் அறை வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. விமானம் மாலை ஐந்தரை மணிக்கு மாலே சென்று சேரும். மாமியார் சைவ உணவு மட்டுமே உண்பவர். முன்பதிவு செய்துவிடலாமா? - வாசகி, திருச்சி

பதில்: பொறுங்கள். விமான நிலையத்திலிருந்து அந்தத் தீவுக்கு எதில் அழைத்துச் செல்வார்கள் என்று முதலில் கேளுங்கள். ரிசார்ட்டுகள் பெரும்பாலும் தனித்தனித் தீவுகளில் இருப்பவை. தொலைவில் உள்ளவற்றுக்குப் பெரும்பாலும் கடல் விமானத்தில்தான் போக வேண்டும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலை ஐந்தரைக்கு இறங்கினால் அன்றிரவு மாலேயிலோ விமான நிலையத்தை அடுத்துள்ள ஹுல்ஹுமாலேயிலோ வேறு அறை எடுத்துத் தங்க நேரும். ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணமும் வீணாகும். மேலும், கடல் விமானக் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று, பல வேளைகளில் அறை வாடகைக்கு அப்பால் தனியாக வசூலிக்கப்படுகிறது.

அடுத்தது வரி. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் ஒருவருக்கு ஓர் இரவுக்குப் பசுமை வரி 12 டாலர்; உங்கள் நால்வருக்கும் நான்கு இரவுகளுக்கு 192 டாலர். இதனுடன் 17 விழுக்காடு சுற்றுலா வரியும், வழக்கமாக 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் சேரும். ஆகவே விளம்பரத்தில் காணும் வாடகையை நம்பாமல், எல்லாம் உள்ளடங்கிய மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் குடும்பத்துக்கு மக்கள் வாழும் தீவே பொருத்தம் என்பேன். முதல் ரிசார்ட் 1972-இலேயே தொடங்கப்பட்டாலும், ஊர்த் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பெருகியது 2009-க்குப் பிறகுதான். மாஃபுஷி, துலுஸ்தூ போன்ற தீவுகளுக்கு மாலேயிலிருந்து விரைவுப் படகு உண்டு. சிறிய விருந்தினர் இல்லங்களில் பசுமை வரியும் பாதிதான். ஆனால் அங்கே சில கட்டுப்பாடுகள் உள்ளன: மது கிடையாது, நீச்சலுடைக்கென்று ஒதுக்கிய கடற்கரை தவிர மற்ற இடங்களில் உடலை மூடிய உடை வேண்டும், வெள்ளிக்கிழமையில் அரசுப் படகுகள் பொதுவாக ஓடா.

முடிந்தால் ஏப்ரல் இறுதிக்குள் சென்று வந்துவிடுங்கள். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். விரைவுப் படகின் முன்பகுதி அலையில் ஏறி இறங்கும் வேகத்தை முதியவர்களின் முதுகு தாங்காது. எந்தப் பருவமாயினும் மாமியாரைப் பின்னிருக்கையில் அமர்த்துங்கள்.

உணவைப் பற்றி முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுங்கள். நம் தென்கோடிக் கடற்கரைச் சமையல்களும் இலங்கைச் சமையலும் அறிந்த மாசி, அதாவது உலர்த்திய சூரை மீன், மாலத்தீவு அடுப்படியில் ஏறத்தாழ எதிலும் இருக்கும். காலை உணவான மாஸ் ஹுனி தேங்காய்த் துருவலுடன் சூரை மீனைப் பிசைந்தது. மாலைச் சிற்றுண்டிகளிலும் பெரும்பாலும் மீன்தான். எனவே 'இறைச்சி வேண்டாம்' என்பது போதாது. 'மீனும் மாசியும் சேரக் கூடாது' என்று குறிப்பிடுங்கள்.

கேள்வி: பூஜைக்குச் சிறு விக்கிரகம் எடுத்துச் செல்லலாமா? திரும்பும்போது சிப்பி, பவளம் கொண்டு வரலாமா? - வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் கூடாது. வழிபாட்டுச் சிலைகள், மது, பன்றி இறைச்சி ஆகியவற்றைச் சுங்கத்துறை அனுமதிப்பதில்லை. பவளம், சிப்பி, மணல் எதையும் அங்கிருந்து எடுத்து வருவதற்கும் தடை உள்ளது. விசாவை முன்னதாகப் பெற வேண்டியதில்லை என்றாலும், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்னும் அரசுத் தளத்தில் படிவம் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் மாலத்தீவு செல்வது வீண் என்கிறார்களே? - வாசகர், கோவை

பதில்: நீல வானமும் அமைதியான கடலும்தான் வேண்டுமென்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரையே நல்லது. மான்டா திருக்கைகளைக் காண்பதற்கோ தென்மேற்குப் பருவமே ஏற்றது. பா என்னும் பவளத்தீவுத் தொகுதியில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவுக்குள் அப்போது நீரோட்டங்கள் மிதவை நுண்ணுயிர்களைத் திரட்டிக் கொண்டுவந்து சேர்க்க, அவற்றை உண்ணத் திருக்கைகள் கூட்டமாக வரும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வாய்ப்பு மிகுதி. 2011-இல் யுனெஸ்கோ இத்தொகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. விரிகுடாவில் ஸ்கூபா டைவிங்குக்கு அனுமதி இல்லை, சுவாசக் குழாயுடன் மேற்பரப்பில் நீந்தலாம். அருகிலுள்ள தரவந்தூ தீவில் உள்நாட்டு விமான நிலையமும் விருந்தினர் இல்லங்களும் உள்ளன. திருக்கைகள் எல்லா நாளும் வருவதில்லை. ஆதலால் அங்கே மூன்று இரவுகளாவது தங்குமாறு திட்டமிடுங்கள்.