பழைய போனைக் கொடுத்தால் யாருக்குப் போகும்?

கேள்வி: வீட்டில் மூன்று பழைய செல்போன்கள் சும்மா கிடக்கின்றன. இரண்டு நன்றாக வேலை செய்கின்றன, ஒன்று உயிர்பெறவே இல்லை. ஏழை நாடுகளின் மருத்துவப் பணிக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள். உண்மையிலேயே பயன்படுமா? எங்கள் படங்களும் கணக்குகளும் யார் கையிலாவது சிக்கிவிடாதா?

பதில்: பயன்படும். கொடுப்பதென்றால் சீக்கிரம் கொடுங்கள், மாதாமாதம் அதன் விலை இறங்கிக்கொண்டே போகும்.

மலாவி நாட்டில் நமிட்டெட்டே என்ற ஊரில் செயின்ட் கேப்ரியல் மருத்துவமனை இருக்கிறது. சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு அதுதான் ஆதாரம். கிராமத்து சுகாதாரத் தொண்டர்கள் ஒரு நோயாளியின் நிலைமையைச் சொல்லவே வெகுதூரம் நடந்து வர வேண்டியிருந்தது. 2008இல் ஜோஷ் நெஸ்பிட் என்ற கல்லூரி மாணவர் 100 பழைய போன்களையும் ஒரு லேப்டாப்பையும் அங்கே கொண்டுபோனார். யார் மருந்தை நிறுத்திவிட்டார், யாருக்கு உடனே ஆள் வர வேண்டும் என்பதெல்லாம் குறுஞ்செய்தியாக வர ஆரம்பித்தது. காசநோய்த் திட்டத்தில் 100 பேரைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனையால் 200 பேரைப் பார்க்க முடிந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் நடந்த காரியம் இது.

ஆனால் உங்கள் போனே அந்தக் கிராமத்துக்குப் போகும் என்று நினைக்க வேண்டாம். நெஸ்பிட்டும் அவருடைய குழுவினரும் பிறகு நடத்திய 'ஹோப் போன்ஸ்' திட்டத்தில், வந்த போன்களை மறுசுழற்சிக்குக் கொடுத்து, கிடைத்த தொகையில் தொண்டர்களுக்குப் போன் வாங்கினார்கள். அதுதான் சரியான வழி என்பேன். ஆளுக்கொரு மாடல், ஆளுக்கொரு சார்ஜர் என்றால் பயிற்சி கொடுப்பதும் பழுது பார்ப்பதும் பெரும்பாடு. ரொம்பப் பழைய போனில் புதிய செயலிகள் ஓடவும் ஓடாது. அதனால் வாங்கும் அமைப்பிடம், போனை அனுப்புகிறீர்களா விற்கிறீர்களா, அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் நீங்களே விற்று, பணத்தை நம்பிக்கையான மருத்துவத் தொண்டு அமைப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

உயிர்பெறாத மூன்றாவது போனைத் தானமாக அனுப்பாதீர்கள். மின்கழிவைக் கையாள வசதியில்லாத நாட்டில் அது கடைசியில் யாரோ ஒருவர் எரித்துச் செம்பு எடுக்கும் குப்பையாகிவிடும். உரிமம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுத்து, உள்ளே இருக்கும் தகவலை அழித்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

மற்ற இரண்டிலும் முதலில் தேவையானதை வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அதற்குப் பிறகுதான் போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் 'ஃபேக்டரி ரீசெட்'. இந்த வரிசை முக்கியம்: கணக்கை எடுக்காமல் அழித்தால் அந்தக் கணக்கின் பூட்டு அப்படியே நின்றுவிடலாம், அப்புறம் அடுத்தவரால் திறக்க முடியாது. சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றிவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தபாலில் போடவே கூடாது, தீப்பிடிக்கலாம். நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.