மாடிக்கு வைஃபை ஏறவில்லையா? வயரை ஏற்றுங்கள்

கேள்வி: மதுரையில் தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடிகளும் கொண்ட சொந்த வீட்டில் இருக்கிறோம். ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் திட்டம். ரவுட்டர் கீழே ஹாலில், டிவி அலமாரிக்குள் இருக்கிறது. முதல் மாடியில் வைஃபை விட்டுவிட்டு வருகிறது. இரண்டாம் மாடியில் மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வீடியோ கூட்டம் பாதியில் நின்றுவிடுகிறது. வைஃபையை வாங்கி மீண்டும் பரப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி அவள் அறையில் மாட்டினோம். சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, வேகம்தான் வரவில்லை. மாடிக்கு ஒரு பெட்டி வைத்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் வாங்கலாமா, இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு சின்னச் சோதனை. கைபேசியுடன் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று வேகத்தை அளந்து பாருங்கள். அங்கே 90க்கு மேல் வந்தால் உங்கள் இணைப்பில் குறை இல்லை. திட்டத்தை 300 ஆக்கினாலும் மகளின் அறைக்கு ஒரு துளி கூட அதிகமாகப் போகாது. பிறகு மாடிப்படியில் ஏறிக்கொண்டே, படி திரும்பும் இடத்தில் ஒருமுறை, முதல் மாடி ஹாலில் ஒருமுறை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வைஃபை அளக்கும் இலவசச் செயலிகள் சிக்னலை மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 50 மிக நன்று, மைனஸ் 65 வரை வீடியோ கூட்டத்துக்குப் போதும், மைனஸ் 80 வந்தால் பயனில்லை. பெரும்பாலான வீடுகளில் படிக்கட்டில் எண் மெல்ல இறங்கும். அறைக்குள் நுழைந்ததும் சட்டென்று விழும். மாடிப்படி இருக்கும் இடத்தில் கான்கிரீட் தளம் திறந்திருப்பதால் அலை அந்த வழியாகத்தான் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

நம் வீடுகளின் தளம் ஐந்து, ஆறு அங்குல கான்கிரீட். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வலை, மேலே சாந்தும் டைல்ஸும். வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வரும்: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் அதில் பாதிக்கும் குறைவு. அலைவரிசை கூடக் கூடக் கான்கிரீட் அதை அதிகமாக விழுங்கும். அதனால்தான் வேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு தளத்தைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறது. தாண்டி வரும் 2.4 பக்கத்து வீட்டு ரவுட்டர்களின் கூட்டத்தில் சிக்கிக்கொள்கிறது. உங்கள் மகளின் அறைக்கும் ரவுட்டருக்கும் நடுவே இரண்டு தளங்கள் இருக்கின்றன.

ரிப்பீட்டர் ஏன் ஏமாற்றியது என்பதும் இதிலிருந்தே விளங்கும். கைபேசி காட்டும் கோடுகள் கைபேசிக்கும் ரிப்பீட்டருக்கும் இடையே உள்ள சிக்னலைத்தான் சொல்கின்றன. ரிப்பீட்டருக்குக் கீழிருந்து எவ்வளவு வருகிறது என்பதை அவை சொல்வதில்லை. மேல்தொட்டி எவ்வளவு பெரிதானாலும் கீழிருந்து ஏறும் குழாயில் சொட்டுச் சொட்டாக வந்தால் குளியலறைக் குழாயில் என்ன வரும்? அதோடு, சாதாரண ரிப்பீட்டர் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துவதால் வந்த வேகமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். மெஷ் பெட்டிகளுக்கும் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசும்போது இதே தளம்தான் குறுக்கே நிற்கும். வாடகை வீடு, சுவரில் கை வைக்க முடியாது என்றால் மெஷ் நல்ல வழி. அப்போதும் பெட்டியை அறைக்குள் வைக்காமல் படி திரும்பும் இடத்தில் வையுங்கள். உங்களுடையது சொந்த வீடு. அதற்கு நான் சொல்லும் வழி: கீழிருந்து மேலே ஈதர்நெட் வயரை, அதாவது ரவுட்டரிலிருந்து இணையத்தைக் கொண்டுபோகும் வயரை ஏற்றுங்கள், வைஃபை அந்தந்த மாடியிலேயே தொடங்கட்டும்.

அதற்கு முன்பே செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. ரவுட்டரை டிவி அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். டிவியின் பின்புறத் தகடு, இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி எல்லாமே அலையைத் தடுப்பவை. படிக்கட்டு தெரியும் இடத்தில், தலை உயரத்தில் வையுங்கள். ஆன்டெனா செங்குத்தாக நின்றால் அலை பக்கவாட்டில்தான் நன்றாகப் பரவும். நேர் மேலே குறைவாகவே போகும். ஒன்றை மட்டும் படுக்கை வாட்டில் சாய்த்துப் பாருங்கள். இணைப்பு கொடுத்தவர்களிடம் கேட்டு ரவுட்டரையே முதல் மாடிக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. ஃபைபரை நீங்களாக இழுக்காதீர்கள்; உள்ளே கண்ணாடி இழை, கூர்மையாக மடங்கினால் போய்விடும்.

இனி வயர். கேட்-6 என்ற தர ஈதர்நெட் வயரைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே முழுச் செம்பு இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயரும் அதே பெயரில் விற்கிறது. முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும், அதை வாங்காதீர்கள். ஈதர்நெட் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும் என்பதால் மூன்று தளத்துக்கு நீளம் ஒரு பிரச்சினையே இல்லை.

எந்த வழியாக ஏற்றுவது என்பதில்தான் பலர் தயங்குகிறார்கள். பழைய கேபிள் டிவி வயருக்காக மொட்டை மாடியிலிருந்து ஹாலுக்குச் சுவருக்குள் குழாய் பதித்த வீடுகள் நிறைய. அந்த வயர் இன்று பயனில் இல்லையென்றால் அதுவே உங்களுக்கு இழு கயிறு. அதன் முனையில் புது வயரைக் கட்டி, முடிச்சு தடிக்காதபடி டேப் சுற்றி, ஒருவர் மேலே இழுக்க ஒருவர் கீழே விட்டுக்கொடுத்தால் வந்துவிடும். முனையில் பொருத்தும் பிளக்கை இழுத்து முடித்த பிறகுதான் மாட்ட வேண்டும். பிளக்கோடு இழுத்தால் குழாய் வளைவில் சிக்கும். மின்சார வயர் போகும் குழாயில் மட்டும் இதை நுழைக்காதீர்கள், அது ஆபத்து. வெளிச்சுவரில் விட நேர்ந்தால் வெயில் தாங்கும் உறையுள்ள வயரை வாங்கி, பிவிசி குழாய்க்குள் விடுங்கள். ஆனால் இடி மின்னலை நினைத்தால் படிக்கட்டுச் சுவரோரமாக உள்ளேயே கொண்டுபோவதுதான் எனக்குப் பிடித்த வழி.

பிளக் மாட்டுவதில் கவனம் வேண்டும். நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் நல்ல வயர், நல்ல ரவுட்டர், 300 எம்பிபிஎஸ் திட்டம். மேலே மட்டும் 94ஐத் தாண்டவே இல்லை. பிளக்கைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். எட்டு இழைகளில் கடைசியில் இருந்த பழுப்பு இழை நுனிவரை போகாமல் ஒரு மில்லிமீட்டர் பின்தங்கி நின்றது. ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு எட்டு இழையும் தொட வேண்டும். ஒன்று விட்டாலும் பல கருவிகள் 100க்கு இறங்கிவிடும். வெட்டிவிட்டு வேறு பிளக் மாட்டியதும் சரியானது. வேலை முடித்தவர் கிளம்புவதற்கு முன் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று சோதனைக் கருவியில் காட்டச் சொல்லுங்கள்.

மேலே வைக்கும் கருவி பழைய ரவுட்டராக இருந்தாலும் போதும். அமைப்புகளில் அக்சஸ் பாயின்ட் (வயரில் வருவதை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்வது) என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அதன் முகவரியைக் கீழ் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியை அணைத்து, வயரை லேன் (LAN) என்று குறித்த துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் எல்லா மாடியிலும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4இல் மட்டும் தளத்துக்கு ஒன்றாக 1, 6, 11 என்று சேனலைப் பிரித்துக் கொடுங்கள். இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. மாடி ஏறிய பிறகும் கைபேசி கீழ் ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருந்தால் கீழே 2.4இன் அலை அனுப்பும் திறனை ஒரு படி குறையுங்கள்.

மேலே வைக்கும் கருவிக்கான பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கீழே ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்க மேலே கருவி அணைந்துபோனால், மின்வெட்டின்போது மகளின் கூட்டம் மறுபடியும் நின்றுவிடும்.

வாங்கிய ரிப்பீட்டர் வீண் என்று நினைக்க வேண்டாம். அதன் அடியிலோ பக்கத்திலோ ஈதர்நெட் துளை இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் உண்டு. இருந்தால், ஏற்றிய வயரை அதில் செருகி அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிடுங்கள். அந்தத் துளை 100 எம்பிபிஎஸ் மட்டுமே தருவதாக இருந்தாலும் உங்கள் திட்டத்துக்கு அது சரியாக இருக்கும். இரண்டாம் மாடிக்குப் புதிதாக எதுவும் வாங்காமலேயே வேலை முடிந்துவிடலாம்.