பஞ்சு வைத்த கிட்டார் ஸ்டாண்ட் வீட்டுக்குச் சரிவருமா? எதைப் பார்த்து வாங்குவது, எப்படி வைப்பது?

தாராளமாக வாங்கலாம். மகளுக்கு வாங்கிய முக்கால் அளவு அக்கூஸ்டிக் கிட்டார் பைக்குள்ளேயே கிடக்கிறது, வெளியே இருந்தால் எடுத்து வாசிப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான். பையின் ஜிப்பைத் திறப்பது, எடுப்பது, மறுபடி வைத்து மூடுவது என்பதே பயிற்சியைத் தள்ளிப்போடப் பலருக்குப் போதுமான சாக்கு. கையெட்டும் தூரத்தில் நின்றால் குக்கர் விசில் வருவதற்குள் இரண்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாற்றிப் பார்க்கத் தோன்றும்.

உங்களுக்கு இரண்டு பயம் இருக்கிறது. ஸ்டாண்டில் இருக்கும் பஞ்சே பாலிஷைக் கெடுத்துவிடும் என்று யாரோ சொன்னது ஒன்று, வீட்டில் இருக்கும் மூன்று வயதுப் பையன் இன்னொன்று. உங்கள் இடத்தில் இருந்தால் நான் பையனுக்குத்தான் பயப்படுவேன். ஆனால் பாலிஷ் விஷயமும் வெறும் வதந்தி இல்லை, அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஸ்டாண்டின் கைகளில் சுற்றியிருப்பது ஃபோம், ரப்பர் குழாய், பிவிசி இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும். இவற்றில் சிலவற்றை மெத்தென்று வைத்திருக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள பொருளைக் கலப்பார்கள். நாளாக நாளாக அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். அந்த இடத்தில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் (சுருக்கமாக நைட்ரோ) என்ற பாலிஷ் பூசிய கிட்டார் சாய்ந்திருந்தால் லாக்கர் அதை உறிஞ்சி இளகத் தொடங்கும். முதலில் மங்கலாக ஒரு தடம் தெரியும், அப்புறம் தொட்டால் பிசுபிசுக்கும். அப்படியே விட்டால் ஃபோமின் சொரசொரப்பு பாலிஷில் அச்சாகப் பதிந்துவிடும். நகப்பூச்சிலும் இதே நைட்ரோசெல்லுலோஸ்தான் இருக்கிறது. காய்ந்த பிறகும் கரைப்பான் பட்டால் மறுபடி இளகக்கூடிய ரகம் இது. பாலியூரித்தேன், பாலியெஸ்டர் பூச்சுகள் அப்படியில்லை. இறுகும்போதே அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதால் இந்தக் கசிவு அவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

ஆகவே கடையில் ஸ்டாண்டைப் புரட்டிப் பார்ப்பதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் கிட்டாரின் பூச்சு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் தயாராகும் கிப்சன், மார்ட்டின் டி-28 போன்ற மேல்வரிசைக் கிட்டார்கள், 1960களின் நடுப்பகுதி வரை வந்த பழைய ஃபெண்டர்கள் எல்லாம் பெரும்பாலும் நைட்ரோ. டெய்லர் நிறுவனம் பளபளப்புப் பூச்சுக்குப் புற ஊதாக் கதிரில் இறுகும் பாலியெஸ்டரைப் பயன்படுத்துகிறது. நம் ஊரில் ஐயாயிரத்துக்கும் பதினைந்தாயிரத்துக்கும் நடுவில் விற்கும் கிட்டார்களில் அநேகமாக எல்லாமே பாலி வகைதான். உங்கள் மகளுடையதும் அதில் சேரும் என்றே நினைக்கிறேன். சந்தேகம் இருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் பெயரைப் போட்டுப் பாருங்கள், விவரப் பட்டியலில் பூச்சு எது என்று போட்டிருப்பார்கள். மறைவான இடத்தில் அசிட்டோன் என்ற கரைப்பானை ஒரு சொட்டு வைத்து, பூச்சு இளகுகிறதா என்று பார் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கெட்டுவிடுமோ என்று தெரிந்துகொள்ள நாமே கெடுத்துப் பார்ப்பதில் என்ன லாபம்?

விலை உயர்ந்த கிளாசிக்கல் கிட்டார்களில் சிலவற்றுக்கு அரக்கைக் கரைத்துக் கையால் தேய்த்து ஏற்றும் ஃபிரெஞ்சு பாலிஷ் போட்டிருப்பார்கள். அது நைட்ரோவைவிட மென்மையானது. அந்த மாதிரிக் கிட்டாரை ரப்பர் ஸ்டாண்டில் வைக்கவே வேண்டாம், பெட்டியில் வைத்துவிடுங்கள்.

நைட்ரோ கிட்டார் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹெர்குலிஸ் மாதிரி சில நிறுவனங்கள் பூச்சைப் பாதிக்காத ஃபோம் என்று தனியாகச் சொல்லி விற்கின்றன. அவர்களுடைய குறிப்பில் நைட்ரோவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே சாதாரண ஸ்டாண்ட் இருந்தால், பலமுறை துவைத்து நைந்த வெள்ளை வேட்டித் துணியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி நூலால் கட்டலாம். சாயத்துணி கூடாது, வியர்க்கும் ஊரில் சாயம் இறங்கும். துணியைத் தாண்டியும் கசிவு மெல்ல வரும் என்பதால், கிட்டாரை மாதக்கணக்கில் எடுக்காமல் அதிலேயே விட்டுவைக்கக் கூடாது. தடம் விழுந்துவிட்டால் தின்னர், ஸ்பிரிட் எதையும் தொடாதீர்கள். இளகிய இடத்தைத் தேய்க்காமல், ஸ்டாண்டிலிருந்து எடுத்துக் காற்றாட வைத்துவிட்டு, பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

பாலி பூச்சு என்றால் முழு நிம்மதியா என்றால், முக்கால்வாசி நிம்மதி. கறுப்பு ரப்பர் வெள்ளை, க்ரீம் நிறக் கிட்டார்களில் கறை விடுவதுண்டு. அதோடு சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களின் வெக்கையிலும் ஈரத்திலும் மலிவான ஃபோம் சில வருடங்களில் பிசுபிசுத்துப் பொடியாக உதிரத் தொடங்கும். அந்த நிலைக்கு வந்த ஃபோமை உரித்துப் போட்டுவிட்டு வேறு மாற்றுங்கள், துடைத்துத் துடைத்துப் பயன்படுத்த வேண்டாம்.

சரி, இப்போது ஸ்டாண்ட். கடையில் எல்லோரும் பஞ்சு எவ்வளவு தடிமன் என்று அமுக்கிப் பார்க்கிறார்கள். நீங்களும் அமுக்குங்கள், ஆனால் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, உள்ளே இருக்கும் இரும்பு தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தட்டுப்பட்டால் அந்த ஸ்டாண்ட் வேண்டாம். அதைத் தவிர பஞ்சில் பார்க்க ஒன்றுமில்லை. கண்ணை அங்கிருந்து எடுத்துக் கால்களுக்குக் கொண்டுவாருங்கள். கிட்டாரை விழவிடாமல் காப்பது கால்கள்தான்.

வீட்டுக்குப் பொதுவாக மூன்று வகை கிடைக்கும். கழுத்துக்குத் தாங்கல் இல்லாமல் கிட்டாரின் உடம்பை மட்டும் தாங்கும் மடக்கு ஸ்டாண்ட் ஒன்று. ஏ எழுத்து மாதிரி விரியும், மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம், விலையும் குறைவு. மேடைக்கும் வகுப்புக்கும் எடுத்துப்போக வசதி. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். கழுத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் கிட்டார் கையோடு வந்துவிடும். இரண்டாவது, மூன்று கால், ஒரு தண்டு, கீழே இரண்டு கை, மேலே கழுத்துக்கு ஒரு கவை உள்ள ஸ்டாண்ட். கவையின் வாயை மூட ஒரு ரப்பர் பட்டையோ திருகும் கொக்கியோ இருக்கும். கிட்டாரை வைத்ததும் அதை மாட்டவேண்டும், பாதிப்பேர் மாட்டுவதில்லை. மூன்றாவது, கிட்டாரின் எடையாலேயே கவையின் விரல்கள் தானாக மூடிக்கொள்ளும் தொங்கல் வகை. தூக்கினால் திறக்கும், விட்டால் மூடும். மாட்ட மறந்துவிட்டேன் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால் பிள்ளைகள் புழங்கும் வீட்டுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். மற்றவற்றைவிடச் சில மடங்கு விலை. ஆனால் கிட்டார் கவையிலிருந்து நழுவாது என்பதால் ஸ்டாண்டே கவிழாது என்று எண்ணிவிடக் கூடாது.

எந்த வகையாக இருந்தாலும் கடையிலேயே கால்களை முழுதாக விரித்து, திருகை இறுக்கி, ஒரு கிட்டாரை வைத்துப் பாருங்கள். மேற்பகுதியை இரண்டு விரலால் நான்கு பக்கமும் மெதுவாகத் தள்ளுங்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் எல்லாக் கால்களும் தரையிலேயே இருக்க வேண்டும். கால் முனையில் உள்ள ரப்பர் குப்பிகள் கெட்டியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று இழுத்துப் பாருங்கள். இவை கழன்று தொலைவதுதான் மலிவான ஸ்டாண்டுகளின் தலையெழுத்து. வழவழப்பான டைல்ஸ் தரையில் ஒரு குப்பி இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் வழுக்கும்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லவேண்டும். சுருதி கூட்டி வைத்திருக்கும் முழு அளவு இரும்புக் கம்பி அக்கூஸ்டிக்கில் ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோ அளவுக்குக் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுவையோடு கிட்டார் சாயும்போது, தலைப்பகுதி கழுத்தோடு சேரும் மெலிந்த இடம்தான் முதலில் விரியும். கிப்சன் பாணிக் கிட்டார்களில் தலை பின்பக்கம் 17 பாகை வரை சாய்ந்திருக்கும். ஒரே மரத்தில் கழுத்தைச் செதுக்கும்போது அந்த வளைவில் மர ரேகை குறுக்கே வெட்டுப்பட்டுவிடுகிறது. போதாததற்குக் கழுத்தை நிமிர்த்தும் இரும்புக் கம்பிக்காக அதே இடத்தில் குடைந்தும் இருப்பார்கள். மல்லாந்து ஒருமுறை விழுந்தால் போதும். ஃபெண்டர் கிட்டார்களின் தலை கழுத்தோடு கிட்டத்தட்ட நேராக இருப்பதாலும் மேப்பிள் மரம் என்பதாலும் அவ்வளவு சுலபமாக உடையாது. உடைந்ததை நல்ல கைவேலைக்காரர் ஒட்டித் தருவார், வாசிக்கவும் முடியும். விற்கப்போனால் விலை சரிந்துவிடும்.

வீட்டுக்குள் எங்கே வைப்பது? இரண்டு சுவர் சேரும் மூலையில், பின்பக்கம் சுவரை ஒட்டி. கதவு திறக்கும் வீச்சுக்கு வெளியே. பால்கனித் திரைச்சீலை காற்றில் எட்டாத தூரத்தில். இரவில் பாய், மெத்தை விரித்துப் படுக்கும் கூடம் என்றால், இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்து போகும் வழியில் ஸ்டாண்டின் கால் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தடித்த கம்பளத்தின் மேலும் வைக்காதீர்கள், ஒரு கால் அமிழ்ந்து இன்னொரு கால் எழும்பும். தோளில் மாட்டும் பட்டையான ஸ்டிராப்பைக் கழற்றிவிடுங்கள் அல்லது கிட்டாருக்குப் பின்னால் மடித்துவிடுங்கள். தொங்கும் ஸ்டிராப்பைக் கண்டால் குழந்தைக்கும் பூனைக்கும் இழுக்காமல் இருக்க முடியாது.

வீடு துடைக்கும் நேரம்தான் பெரிய ஆபத்து. துடைக்க வரும் அக்கா ஸ்டாண்டை நகர்த்த, கையில் அகப்படும் கிட்டார் கழுத்தைப் பிடித்துத்தான் இழுப்பார். அவர்மேல் குற்றமில்லை, பார்த்தால் அதுதான் கைப்பிடி மாதிரி இருக்கிறது. கிட்டாரைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு அப்புறம் ஸ்டாண்டை நகர்த்தச் சொல்லுங்கள், அல்லது அந்த மூலையை நீங்களே துடைத்துவிடுங்கள். அதேபோல் கொலுவுக்கும் பிறந்தநாளுக்கும் வீடு நிறைய ஆள் வரும் நாளில் கிட்டார் பைக்குள் போய்விட வேண்டும். ஊருக்குப் போகும்போதும் அப்படித்தான்.

வெயில் நேரே விழும் ஜன்னலோரமும் ஏசிக் காற்று நேரே அடிக்கும் இடமும் வேண்டாம். கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீதம் வரை காற்றில் ஈரப்பதம் நல்லது என்பார்கள். கடலோரத்தில் மழைக்காலத்தில் அது 80ஐத் தொடும், ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் மளமளவென்று இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் முன்பலகை உப்பிக் கம்பிகள் உயர்ந்துபோகும், சிலநேரம் பலகை விரிசலும் விடும். பிளை பலகையில் செய்த தொடக்கநிலைக் கிட்டார் இதையெல்லாம் ஓரளவு தாங்கும். முழு மரப்பலகை போட்டதென்றால் மழைக்காலத்தில் பெட்டிக்குள் வைப்பதே மேல்.

மூன்று வயதுப் பையன் இருப்பதால் சுவர்க் கொக்கியையும் யோசியுங்கள். எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் மகளுக்கு எட்டும் உயரம் பையனுக்கு எட்டாமல் இருக்கவேண்டும். செங்கல் சுவரில் சிமெண்ட் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் திருகு இறங்க வேண்டும், வெறும் பூச்சில் நிற்கும் கொக்கி ஒருநாள் பெயர்ந்துவரும். புது அடுக்குமாடிகளில் எடை குறைந்த ஏஏசி பிளாக் சுவர் இருக்கும். அதில் திருகுக்காகத் துளைக்குள் செருகும் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கென்று உள்ள பிளக் கேட்டு வாங்குங்கள். மழைச்சாரல் அடித்து ஓதம் ஏறும் வெளிச்சுவர் வேண்டாம். வாடகை வீடென்றால் துளை போடுவதற்கு முன் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் மகளுடையது முக்கால் அளவு என்பதால் ஒன்று. பெரும்பாலான ஸ்டாண்டுகள் முழு அளவுக் கிட்டாரை நினைத்துச் செய்தவை. தண்டை முழுதாகக் கீழே இறக்கினாலும் கவை அவள் கிட்டாரின் தலைக்கு மேலே நிற்கலாம், அப்போது கழுத்தைத் தாங்க ஒன்றும் இருக்காது. வாங்கப் போகும்போது கிட்டாரையும் எடுத்துப்போங்கள். இணையத்தில் வாங்குவதென்றால், கிட்டாரின் அடியிலிருந்து தலை தொடங்கும் இடம் வரை டேப் வைத்து அளந்து, கீழ்க் கைகளிலிருந்து கவை வரையுள்ள குறைந்தபட்ச உயரம் அதைவிடக் கொஞ்சமாவது குறைவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.